கிராப் பண்ணின மூணாறு

எங்க வீட்டு ஹால்ல சோபாவுக்கு மேல ஒரு படம் தொங்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து போற மஸ்கட் நண்பர்களுக்குத் தெரியும். மூணடி அகல கேன்வாஸ் பிரிண்ட். கீழே அசையாத தண்ணி, நடுவுல தேயிலை மேடு, பின்னாடி வரிசையா நெட்டை மரங்கள், மேல பனிமூட்டம். 2008 டிசம்பர்ல மூணாறு பக்கம் நான் எடுத்தது. அப்போ புதுசா வாங்கின நிக்கான் டி40. வர்றவங்க ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு "சுவிட்சர்லாந்தா சார்?"னு கேட்பாங்க. நானும் பெருமையா "இல்லீங்க, நம்மூருதான்"னு சொல்லுவேன். (உடுமலைக்காரனுக்கு மூணாறு நம்மூருதாங்க. சின்னாறு தாண்டி மறையூர் வழியா ஏறினா மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்.)

இப்ப அந்தப் படம் கட்டிலுக்கு அடியில கிடக்கு. ஏன்னு வீட்டுல கேட்டாங்க, ரெண்டு நண்பர்களும் கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா விளக்கம் சொல்லி வாய் வலிக்குது. அதான் எழுதிடறேன். கொஞ்சம் காட்டமா இருக்கும். யாரையும் தனியா திட்டலை. திட்டு முதல்ல எனக்கு, அப்புறம் டிஎஸ்எல்ஆர் வாங்கி லீவுக்கு ஊருக்குப் போற நம்ம எல்லாருக்கும்.

அந்தப் படத்தோட வலது பக்கம் கால்வாசியை நான் வெட்டியிருந்தேன். வெட்டின இடத்துல ஒரு லயம் இருந்துச்சு. லயம்னா தெரியாத பிள்ளைகளுக்கு: தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடு. ஒரே கூரை, வரிசையா கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம். வாசல்ல துணி காயுது, நீல டிரம்முல தண்ணி, தகரக் கூரை மேல கல்லு. எடிட் பண்ணும்போது "ஃப்ரேம் கெடுது"ன்னு தோணுச்சு. மவுஸை இழுத்தேன், எட்டுக் குடும்பம் காலி. சுவிட்சர்லாந்து ரெடி.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன டிசம்பர் லீவுல குடும்பத்தோட ஊருக்குப் போயிருந்தப்ப, காலேஜ் நண்பன் ஒருத்தன் (உடுமலையில கயிறு ஃபேக்டரி வெச்சிருக்கான்) "வாடா மாப்ளே, ஒரு நாள் கேமராவைத் தூக்கிட்டு மேல போயிட்டு வரலாம்"னான். அவன் கார்ல நான், வீட்டம்மா, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாட்டுப்பட்டி அணைக்கிட்ட ட்ரைபாடை விரிச்சோம். அங்கேயிருந்து எக்கோ பாயிண்ட், குண்டளை, அப்படியே டாப் ஸ்டேஷன் ரோட்டுல வெளிச்சம் இருக்கிற வரைக்கும் போறதா பிளான். டிசம்பர் மத்தியான வெயில் சாய்வா விழுந்து, தேயிலைச் செடியோட ஒவ்வொரு வரிசையும் தனியாத் தெரியும். போட்டோ பைத்தியங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை.

பொண்ணு மஸ்கட்லயே பிறந்து வளர்ந்தவ. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்பா, இது தானா உண்டான ஏரியா?"ன்னு கேட்டா.

"இல்லடா, அணை."

"அந்தக் காடு?"

நண்பன் சிரிச்சான். "அது கிராண்டிஸ் கண்ணு. யூக்கலிப்டஸ் ஜாதி. டீ ஃபேக்டரி அடுப்பு எரிக்க கம்பெனி வெச்ச விறகுத் தோட்டம்."

"அப்ப இந்தப் பச்சை?"

தேயிலை. அதுவும் வெச்சதுதான்.

ஆக, "இயற்கை எழில் கொஞ்சும்"னு நாம தலைப்பு போடற படத்துல தண்ணி, மரம், பச்சை மூணுமே மனுஷன் செஞ்சது. மாட்டுப்பட்டியும் குண்டளையும் பள்ளிவாசல் மின்திட்டத்துக்குத் தண்ணி தேக்கறதுக்காகக் கட்டின அணைகள். பள்ளிவாசல்தான் கேரளாவோட முதல் நீர்மின் நிலையம், 1940ல ஓட ஆரம்பிச்சது. அந்த ஊர்ப் பேரைப் பாருங்க: மாட்டுப்பட்டி. மாடு, பட்டி. மலையாளத்துல எழுதி, அதை இங்கிலீஷ்ல எழுதி, திரும்ப நாம படிக்கும்போது மாட்டுப்பெட்டி ஆயிடுச்சு. பேர்லயே தமிழ் உட்கார்ந்திருக்கு. படத்துல மட்டும் தமிழன் இருக்கக் கூடாது.

கதை கொஞ்சம் பழசு. 1877ல ஜான் டேனியல் மன்றோங்கிற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அப்ப இங்கே இருந்தது சோலைக்காடும் புல்வெளியும், முதுவர் குடிகளும். அதை வெட்டித் திருத்தித் தோட்டம் ஆக்கினது யாரு? கங்காணிங்க திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துல இருந்து கூட்டிட்டு வந்த ஜனங்க. சாதியும் பஞ்சமும் துரத்தி மலையேறினவங்க. 1902ல குண்டளைப் பள்ளத்தாக்குல ஒத்தைத் தண்டவாளம் போட்டு மாட்டை வெச்சு வண்டி இழுத்தாங்க. 1908ல அது சின்ன ரயிலா மாறுச்சு. தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் போகும், அங்கேயிருந்து கம்பிவட ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடிநாயக்கனூர். 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலையே அடிச்சுட்டுப் போயிடுச்சு. மலையாளத்துல "தொண்ணூத்தொன்பதாம் ஆண்டு வெள்ளம்"னு (கொல்லம் ஆண்டு 1099) இன்னைக்கும் பேசறாங்க. ரயில் போச்சு, ரோப்வே போச்சு. லயம் மட்டும் போகலை. அன்னைக்கு வந்தவங்களோட பேரன் பேத்திங்க அதே மாதிரி வரிசை வீட்டுல இருக்காங்க.

குண்டளை தாண்டி ரோட்டோரத்துல ஒரு அக்கா கேரட்டும் வேகவெச்ச சோளமும் வித்துட்டிருந்தாங்க. வண்டியை நிறுத்தினோம். நான் அவங்க கடையைத் தாண்டி, பள்ளத்துல இருந்த சின்னக் குட்டையையும் அதுக்கு மேல இருந்த கிராண்டிஸ் வரிசையையும் குறி வெச்சுக்கிட்டு, லென்ஸை அப்படியும் இப்படியும் திருப்பிட்டிருந்தேன். குட்டைக்கு இடதுபுறம் லயம். பழக்க தோஷம், கை தானா வலது பக்கம் நகருது.

அக்கா சோளத்துல உப்பும் மொளகாப்பொடியும் தடவிக்கிட்டே கேட்டாங்க: "ஏன் தம்பி, எங்க வீடு விழாம எடுக்கவா இம்புட்டுக் கஷ்டப்படுதிய?"

திருநெல்வேலிப் பேச்சு அப்படியே இருக்கு. எனக்கு மூஞ்சி எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியலை. என் பொண்ணு வேற பக்கத்துல நிக்கறா.

"அப்படி இல்லக்கா..."ன்னு இழுத்தேன்.

"இல்ல, வாரவுக அத்தன பேரும் அப்படித்தான். ஒருத்தர் வந்து கொடியில கெடந்த துணிய எடுக்கச் சொன்னாரு. படம் நல்லா வரணுமாம்."

பேச்சு வளர்ந்துச்சு. தாத்தா காலத்துல கயத்தாறு பக்கத்துல இருந்து வந்தாங்களாம். அம்மா கொழுந்து எடுத்தாங்க, இவங்களும் முப்பது வருஷமா எடுக்கறாங்க. இப்ப கூடை கிடையாது, கத்திரியும் சாக்கும்தான். இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். மகனோ மருமகளோ தோட்டத்துல வேலைக்கு இருந்தா அவங்க பேர்ல தங்கலாம். மகன் கோயம்புத்தூர்ல டிரைவர். மருமக தேயிலைக்கு வர மாட்டேன்னுட்டாளாம்.

"நீங்க எங்க இருக்கிய?"

"மஸ்கட்ல, பேங்க்ல வேலை."

"வீடு?"

"வாடகை வீடுதாங்க்கா."

"வேலை விட்டா?"

"விசா கேன்சல் ஆயிடும். கிளம்பிடணும்."

"அப்ப நம்மள மாதிரிதேன்"னு சொல்லிச் சோளத்தை நீட்டினாங்க.

நம்மள மாதிரிதான். ஆனா இல்லை. கார்ல உட்கார்ந்ததும் எனக்கு அதுதான் ஓடிட்டே இருந்துச்சு. எனக்கு கோயம்புத்தூர்ல ஒரு ஃபிளாட் இருக்கு, லோன் பாதிக்கு மேல அடைஞ்சாச்சு. உடுமலையில அப்பா வீடு இருக்கு. விசா போனா போய் விழறதுக்கு ஒரு இடம் இருக்கு. அந்த அக்காவுக்கு மூணு தலைமுறை உழைப்புக்கு அப்புறமும் பட்டான்னு ஒரு காகிதம் கிடையாது.

நான் பி.காம். படிச்சவன், இருபது வருஷத்துக்கு மேல லோன் ஃபைல் பார்க்கிறவன். எனக்குக் கவிதையா யோசிக்க வராது, கணக்காத்தான் வரும். ஒரு லயத்து ஆள் வந்து என் முன்னாடி உட்கார்ந்து வீட்டுக்கடன் கேட்டா நான் என்ன செய்வேன்? சம்பளச் சீட்டு இருக்கு, ஆதார் இருக்கு, முகவரி இருக்கு. அடமானத்துக்கு எதுவும் இல்லை. இருக்கிற வீடு கம்பெனியோடது. வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த முகவரியே. ஃபைலை மூடி "சாரிம்மா"ன்னுதான் சொல்லுவேன். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் கம்பெனிங்க வீடு கொடுக்கணும்னு சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கலை. ஆனா வீடு வேலையோட கட்டப்பட்டிருக்கிற வரைக்கும் அது வீடு இல்லை, கட்டுத்தறி.

இன்னொரு கணக்கு. 2015 செப்டம்பர்ல மூணாறுல பெண் தொழிலாளிங்க வேலையை விட்டுட்டு ரோட்டுல உட்கார்ந்தாங்களே, பெம்பிளை ஒருமை, நினைவிருக்கா? போனஸைப் பாதியாக் குறைச்சதுக்கு எதிரா ஒன்பது நாள் மூணாறையே நிறுத்தினாங்க. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவருங்களைக் கிட்டவே சேர்க்கலை. கேட்ட 20 சதவீதத்தை வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. அப்ப நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500. இழுத்துப் பிடிச்சு அந்த வருஷம் கடைசியில 301 ஆச்சு. பணிக்கொடைங்கிறது வருஷத்துக்கு 15 நாள் கூலி. முப்பது வருஷம் உழைச்சா 450 நாள் கூலி. 301 ரூபாய் ரேட்டுக்கு 1,35,450 ரூபாய்.

அன்னைக்கு என் தோள்ல தொங்கின பாடி, ரெண்டு லென்ஸ், கார்பன் ஃபைபர் ட்ரைபாட், பை எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன். அந்த 450 நாள் கூலியைத் தாண்டிப் போகுது.

அந்த ஒன்பது நாள்ல நான் என்ன செஞ்சேன்னும் சொல்லிடறேன். பக்ரீத் லீவுக்கு மூணாறுல ரூம் போட்டிருந்தேன். டிவியில ஆயிரக்கணக்கான நம்ம பெண்கள் ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க, நான் ஹோட்டலுக்குப் போன் போட்டு ரீஃபண்ட் கிடைக்குமான்னு கேட்டுட்டிருந்தேன். மூணாறுப் படத்துல ஆட்கள் தெரிஞ்ச வாரம் அது ஒண்ணுதான். அதையும் நான் கிராப் பண்ணிட்டேன்.

இப்ப எழுதக் கஷ்டமா இருக்கிற விஷயம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வரையாடு படம் எடுக்க நாம போவோமே, அந்தப் பக்கம்தான். மழையில மலை சரிஞ்சு லயங்களை மொத்தமா மூடிருச்சு. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை, வெளியுலகத்துக்குச் செய்தியே மறுநாள் காலையிலதான் போச்சு. பெரியவரைப் பாலம் வெள்ளத்துல போனதால மீட்புக்காரங்க போய்ச் சேரவும் தாமதம். கிடைக்காத நாலு பேரையும் சேர்த்து 70 உயிர். அதுல எத்தனையோ பேருக்கு வேர் கயத்தாறுல. தூங்கிட்டிருந்த குழந்தைகளும் உண்டு.

மறுநாள், ஆகஸ்ட் 7 சாயங்காலம், துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கோழிக்கோடு ரன்வேயைத் தாண்டி விழுந்துச்சு. கொரோனா நேரத்துல ஊர் திரும்பின நம்ம ஆளுங்க. 21 பேர் போயிட்டாங்க. அன்னைக்கு வளைகுடாவுல தூங்கின வீடு எதுவும் இருந்திருக்காது. நாமும் அதே விமானத்துலதானே வந்து போறோம், பயம் வயித்தைக் கலக்குச்சு.

கேரள அரசு விமானத்துல இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம்னு அறிவிச்சது. முதலமைச்சர் கோழிக்கோட்டுக்கு மறுநாளே போனார், பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13ஆம் தேதி. ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டதுக்கு, அறிவிச்சது முதல்கட்ட உதவிதான், மறுவாழ்வு தனியா வரும்னு பதில் சொன்னார். விமானத்துல போனவங்களுக்குக் கொடுத்த ஒரு ரூபாயையும் நான் குறை சொல்லலை, சொல்லவும் மாட்டேன். அவங்க என் ஜாதி, புலம்பெயர்ந்த ஜாதி. கேள்வி வேற. பெட்டிமுடியில செத்தவங்களும் புலம்பெயர்ந்தவங்கதானே? நாம கடல் தாண்டினோம், அவங்க தாத்தா மலை தாண்டினார். நமக்கு போட்டோ இருக்கு, வீடியோ இருக்கு, நம்ம துக்கத்துக்கு முகம் இருக்கு. அவங்க இடத்தை மட்டும் ஆளே இல்லாத பச்சையா வருஷக்கணக்கா உலகத்துக்குக் காட்டி வெச்சது யாரு? ஆள் இல்லாத இடத்துல ஆள் செத்தா விலை பாதிதான் வரும்.

அன்னைக்கு ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து 2008 ஃபோல்டரைத் திறந்தேன். ஹால்ல தொங்கிற படத்தோட ஒரிஜினலைப் பார்க்கணும்னு ஒரு வெறி. அது பெட்டிமுடி இல்லை, வேற டிவிஷன், அது தெரியும். இருந்தாலும் அந்த லயத்தைத் திரும்பப் பார்க்கணும் போல இருந்துச்சு. இல்லை. கிராப் பண்ணின ஜேபெக் மட்டும்தான் இருக்கு. இடம் மிச்சம் பண்ண ஒரிஜினலை அழிச்சிருக்கேன். பேங்க்ல ஒரு கிளார்க் மூல வவுச்சரைக் கிழிச்சுப் போட்டுட்டு தன் கையால எழுதின நகலை மட்டும் ஃபைல்ல வெச்சிருந்தா அவனுக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

அப்பவே படத்தைக் கழட்டியிருக்கணும். கழட்டலை. அந்த அக்கா சோளம் கொடுத்துக் கேட்ட பிறகுதான் கை வந்துச்சு.

லீவு முடிஞ்சு வந்ததும், இங்கே நம்மவங்க நடத்தற ஒரு போட்டோ கிளப்புக்கு (பேர் வேண்டாம், எல்லாரும் வேண்டியவங்க) புதுப் படத்தை அனுப்பினேன். குட்டை, மரம், லயம் எல்லாம் இருக்கிற படம். லயம் விழறதை அக்காகிட்டச் சொல்லிட்டு எடுத்தது. பதில் வந்துச்சு: நல்ல லைட், ஆனா அந்த லைன் வீட்டையும் துணியையும் எடுத்துட்டு அனுப்புங்க, லேண்ட்ஸ்கேப் பிரிவுக்குப் பொருந்தலை. இப்பத்தான் ஒரு பட்டனைத் தட்டினா போதுமே, துணி, கம்பி, மனுஷன் எல்லாத்தையும் போனே அழிச்சுக் கொடுக்குது. நான் மாட்டேன்னுட்டேன். அதுக்கு வந்த வாதங்களுக்குத்தான் இங்கே பதில் சொல்றேன்.

"ஃப்ரேம்னாலே எதையாவது விடறதுதான், எல்லாத்தையும் சேர்க்க முடியுமா?" முடியாது, ஒப்புக்கறேன். ஒருத்தர் ஒரு படத்துல விட்டா அது ரசனை. மலைக்குப் போன அத்தனை பேரும் அத்தனை படத்துலயும் அதே ஒண்ணை விட்டா அதுக்குப் பேர் ரசனை இல்லை. டீத்தூள் பாக்கெட்டைப் பாருங்க. ஒண்ணு ஆளில்லாத பச்சை, இல்லைன்னா கூடையோட சிரிக்கிற பொண்ணு. அந்தப் பொண்ணு சாயங்காலம் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போறாங்கிறது எந்தப் பாக்கெட்லயும் கிடையாது.

"ஏழ்மையைப் படம் பிடிச்சுக் காட்டறது அசிங்கம் இல்லையா?" இது கொஞ்சம் யோசிக்க வெச்சது. தூரத்துல நின்னு ஜூம் போட்டு யார் வீட்டு அடுப்படியையும் எடுக்கச் சொல்லலை. கேட்டுட்டு எடுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. ஆனா வீடு இருக்கிறதைக் காட்டறது அசிங்கம், இல்லைன்னு காட்டறது நாகரிகம்ங்கிற கணக்கு எனக்குப் புரியலை. அந்த அக்கா வெட்கப்பட்டது லயத்துக்காக இல்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க.

"நாங்க லீவுக்குப் போறதே மனசு லேசாக, இதெல்லாம் எதுக்கு?" நியாயம். நானும் அதுக்குத்தான் போறேன். சோளம் சாப்பிட்டோம், பொண்ணு குண்டளையில படகு ஓட்டினா, எதிர்க்கரையில ஒரு யானையும் குட்டியும் புல் மேய்ஞ்சதை அரை மணி நேரம் பார்த்தோம். மனசு லேசாத்தான் ஆச்சு. லயம் படத்துல விழுந்ததால யானை ஓடிப் போயிடலை. :-)

இது மூணாறு சமாச்சாரம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளம் போங்க. கேரளாவுல இருக்கு, ஆனா வண்டி போகணும்னா பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத்தான். பேர்லயே குளம். நாம படம் எடுக்கிற அந்தத் தண்ணி பறம்பிக்குளம்-ஆழியாறு திட்ட அணைகள் தேக்கினது, எங்க உடுமலை வயலுக்கும் அதுலதான் தண்ணி. சுத்தி நிக்கிற தேக்குல பெரும்பகுதி நட்டு வளர்த்தது. 1907லயே கொச்சி ராஜ்யம் சாலக்குடியில இருந்து இங்கே வரைக்கும் டிராம் வண்டி போட்டு மரத்தை அள்ளிட்டுப் போச்சு. கன்னிமாரா தேக்கு மாதிரி ஒண்ணு ரெண்டு கிழம் தப்பிச்சு நிக்குது. அதை எல்லாரும் கட்டிப்பிடிச்சு படம் எடுக்கறோம். பக்கத்துல ஊரு இருக்கிற காடர், மலசர் ஜனங்க அந்தப் படத்துலயும் இல்லை. என் பழைய ஆல்பத்துல பறம்பிக்குளம் 43 படம் இருக்கு. எண்ணிப் பார்த்தேன். மனுஷன்னு பார்த்தா எங்க குடும்பம் மட்டும்தான்.

நம்ம இலங்கை நண்பர்களும் இங்கே நிறைய பேர் இருக்கீங்க. நுவரெலியா படம் காட்டும்போது உங்க ஆல்பத்துலயும் லயன் அறைகள் இருக்கான்னு பாருங்க. 2014 அக்டோபர்ல கொஸ்லந்தை மீரியாபெத்தயில மண் மூடினது இதே மாதிரி வரிசை வீடுகளைத்தான். 2024 ஜூலை 30 வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையிலயும் தோட்டத்து வரிசை வீடுகள் போச்சு, அங்கே அதுக்குப் பேர் பாடி. மலை சரியும்போது முதல்ல போறது எப்பவும் பள்ளத்து ஓரத்துல, ஓடைப் பக்கத்துல, கம்பெனி காட்டின இடத்துல கட்டின வீடுதான். ஒவ்வொரு தடவையும் டிவி பார்த்து "அய்யோ, அங்கெல்லாம் ஆள் இருக்காங்களா"ன்னு கேட்கறோம். போன வருஷம்தானே அங்கே போய் 600 படம் எடுத்துட்டு வந்தோம்?

பெட்டிமுடியில தப்பிச்ச எட்டுக் குடும்பத்துக்கு குற்றியார் பக்கம் அரசு நிலத்துல கம்பெனி வீடு கட்டிக் கொடுத்துச்சு. நல்ல விஷயம். சொந்த நிலத்துல சொந்த வீடு. ஆனா அதுக்கு மலை சரிய வேண்டியிருந்துச்சு. லயத்துல இருக்கிற மத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ரிட்டயர்மென்ட் அன்னைக்கு எங்கே போறதுங்கிற கேள்விக்கு, எனக்குத் தெரிஞ்சு, வீட்டை வேலையில இருந்து அவிழ்த்து அவங்க பேர்ல எழுதறதைத் தவிர வேற பதில் இல்லை. காலடி நிலத்துக்குப் பட்டா கொடுத்தாப் போதும், மிச்சத்தை பேங்க் பார்த்துக்கும். லோன் கொடுக்கிறவன் சொல்றேன். இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, போட்டோக்காரன் செய்ய முடியாது. ஆனா அங்கே வீடே இல்லைன்னு படம் காட்டிட்டு, வீட்டு உரிமை கேட்கிறவங்களுக்கு நாம எந்த வாயால ஆதரவு சொல்றது?

புதுப் படத்தை மூணடிக்கு பிரிண்ட் போட்டாச்சு, பழைய ஆணியிலயே மாட்டியாச்சு. குட்டை, கிராண்டிஸ், சாயங்கால வெளிச்சம், இடது பக்கம் லயம். கொடியில ஒரு சிவப்புச் சேலை. போன வெள்ளிக்கிழமை வந்த நண்பர் பார்த்துட்டு "எந்த ஊர் சார் இது?"ன்னு கேட்டார். சுவிட்சர்லாந்தான்னு கேட்கலை.

இன்னொரு காப்பி சின்ன சைஸ்ல போட்டு நண்பன்கிட்ட அனுப்பி வெச்சேன். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனப்ப அக்காகிட்டக் கொடுத்திருக்கான். வாங்கிப் பார்த்துட்டு, இடதுபுறத்துல இருந்து மூணாவது கதவைத் தொட்டுக் காட்டி "இதுதேன் நம்ம வீடு"ன்னாங்களாம். மே மாசத்தோட காலி பண்ணணுமாம்.

பி.கு.: டாப் ஸ்டேஷன் ரோட்டுல குழந்தைகளோட போறவங்க, வாந்தி மாத்திரை எடுத்துக்கங்க, வளைவு ஜாஸ்தி. குண்டளை தாண்டி ரோட்டோரக் கடைங்கள்ல கேரட் வாங்குங்க, பேரம் பேசாதீங்க.